ஜாவாவில் பைட் ஸ்ட்ரீம்: பஃபர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

ஒரு கோப்பிலிருந்து பைட்டுகளைப் படிக்க ஜாவாவில் எத்தனை வழி என்று கேட்டால், 1996-இல் வந்த ஜாவா 1.0-இலேயே மூன்று நான்கு உண்டு. அப்புறம் 1.4, 7, 9, 11, 12, 22 என்று பல பதிப்புகள் தம் பங்குக்கு ஏதாவது சேர்த்துவிட்டன. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த நீளத்தைப் பார்த்து மலைத்துப்போய், தேடலில் முதலில் கண்ணில் பட்ட துண்டை எடுத்து ஒட்டிவிடுவார்கள். சின்னக் கோப்பில் அது ஓடும். பெரிய கோப்பில் திணறும். நெட்வொர்க்கில் போட்டால் எப்போதாவது ஒருமுறை சத்தமில்லாமல் தப்பான விடை தரும்.

இதில் "எது வேகம்?" என்ற கேள்வியோடு இறங்கினால் உருப்படியான பதில் கிடைக்காது. கேட்க வேண்டியவை இரண்டு. என் நிரல் ஒரு தடவைக்கு எத்தனை பைட் கேட்கிறது? வரிசையாகக் கேட்கிறதா, தாவித் தாவிக் கேட்கிறதா? இவை தெரிந்துவிட்டால் தேர்வு ஏறக்குறைய முடிந்த மாதிரிதான்.

வைத்துப் பேச ஓர் உதாரணம் வேண்டும். பிஎன்ஜி படக் கோப்பை எடுத்துக்கொள்கிறேன், அதன் அமைப்பு எளிது. முதல் 8 பைட் அடையாளம்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இதில் 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி எழுத்துகள். அதற்குப் பிறகு துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டிலும் முதலில் 4 பைட்டில் நீளம், அடுத்த 4 பைட்டில் பெயர், பிறகு அந்த நீளத்துக்கு டேட்டா, கடைசியில் 4 பைட் சிஆர்சி, அதாவது துண்டு கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண். முதல் துண்டின் பெயர் ஐஎச்டிஆர். அதில் 13 பைட் டேட்டா, படத்தின் அகலமும் உயரமும் அங்கேதான். படத்தின் புள்ளிகள் ஐடேட் துண்டுகளில் சுருக்கப்பட்டு இருக்கும். ஐஇஎன்டி என்ற துண்டு வந்தால் கோப்பு முடிந்தது.

இந்தக் கோப்பில் மூன்று வேலை வைத்துக்கொள்வோம். அகல உயரம் மட்டும் பார்ப்பது ஒன்று. துண்டுகளின் பெயர்ப் பட்டியல் எடுப்பது இன்னொன்று. எல்லாத் துண்டுகளின் சிஆர்சியும் சரியா என்று சோதிப்பது மூன்றாவது. கோப்பு அதேதான், ஆனால் மூன்றுக்கும் படிக்கும் விதம் வேறு வேறு.

ஒவ்வொரு பைட்டாக

ஸ்ட்ரீம் என்பது பைட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும் குழாய் மாதிரி. கோப்புக்கான ஃபைல் இன்புட் ஸ்ட்ரீமைத் திறந்து, அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் ரீட் மெத்தடைக் கூப்பிட்டால் ஒரு பைட் வரும். ஆனால் அதன் ரிட்டர்ன் டைப் பைட் இல்லை, இன்ட். 0 முதல் 255 வரை ஏதாவது ஒன்று வரும், ஸ்ட்ரீம் தீர்ந்துவிட்டால் −1 வரும். ஜாவாவின் பைட் குறியுள்ளது, −128 முதல் 127 வரைதான் பிடிக்கும். ரீட் மெத்தட் பைட்டாகவே திருப்பியிருந்தால், கோப்பில் நிஜமாகவே இருக்கும் 255-உம், "முடிந்துவிட்டது" என்று சொல்லும் −1-உம் ஒரே உருவத்தில் வந்து நிற்கும்.

இதை மறந்து, வந்ததை முதலில் பைட்டாக மாற்றிவிட்டு, அப்புறம் −1-ஆ என்று பார்க்கும் லூப்களை இன்னமும் பார்க்க முடிகிறது. ஆங்கில எழுத்து மட்டும் உள்ள டெக்ஸ்ட் கோப்பில் அது மாட்டவே மாட்டாது. ஜேபெக் படத்தைக் கொடுத்துப் பாருங்கள்: ஜேபெக்கின் முதல் பைட்டே 255. லூப் உள்ளே போகாமலே வெளியே வந்துவிடும். கோப்பு காலி என்று நிரல் சொல்லும். பிஎன்ஜியில் இதே கோளாறு வேறு முகத்தில் வரும். அரேயில் படித்து, முதல் பைட் 137-ஆ என்று நேராக ஒப்பிட்டால் எப்போதும் இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் அரேக்குள் அது −119. ஒப்பிடுமுன் 255-உடன் ஆண்ட் செய்ய வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். ஃபைல் இன்புட் ஸ்ட்ரீமுக்குள் பஃபர், அதாவது மொத்தமாக அள்ளி வைக்கும் இடைக்கிடங்கு, கிடையாது. ஒரு ரீட் என்றால் கெர்னலுக்கு, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு, ஒரு அழைப்பு: சிஸ்டம் கால். 1 எம்பி கோப்பை இப்படிப் படித்தால் 10,48,576 சிஸ்டம் கால். கோப்பு ஏற்கெனவே கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் இருக்கலாம், டிஸ்க் அசையவே வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பைட்டுக்கும் கெர்னலுக்குப் போய்த் திரும்பும் செலவு உண்டு. தாலுகா ஆபீஸில் ஒரு கையெழுத்து வாங்கப் போனாலும் பத்துக் கையெழுத்து வாங்கப் போனாலும் அலைச்சல் ஒன்றுதான் இல்லையா, அந்தக் கணக்கு. லினக்ஸில் சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தால் நீளம் 1 என்ற ரீட் வரிகள் திரை முழுக்க ஓடும். ஓடும்போதே நிரலை வேகமாக்கும் ஜிட் கம்பைலர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இந்தப் பயணத்தை அதால் குறைக்க முடியாது.

பைத்தானிலிருந்தும் சி ஷார்ப்பிலிருந்தும் வருபவர்கள் இங்கே தடுக்கி விழுவது இயல்பு. பைத்தானில் ஓப்பன் என்று திறந்தாலே பஃபர் போட்டுத்தான் கொடுக்கும். வேண்டாம் என்றால் 0 என்று நாம் சொல்ல வேண்டும். டாட்நெட்டின் ஃபைல் ஸ்ட்ரீமுக்குள்ளேயே 4096 பைட் பஃபர் இருக்கிறது. ஜாவா நேர்மாறு: கேட்டால்தான் பஃபர். ஜாவா 7-இல் வந்த ஃபைல்ஸ் கிளாஸின் நியூ இன்புட் ஸ்ட்ரீம் தருவதும் பஃபர் இல்லாத ஸ்ட்ரீம்தான்.

சொந்த அரே

அடுத்த வழி, நாமே ஒரு பைட் அரே வைத்து, அதை ரீட் மெத்தடுக்குக் கொடுப்பது. 8192 பைட் அரே கொடுத்தால் அதே 1 எம்பி கோப்புக்கு 128 சிஸ்டம் கால் போதும், முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள இன்னும் ஒன்று. பத்து லட்சம் எங்கே, 129 எங்கே.

இங்கே வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த ரீட் எத்தனை பைட் படித்தது என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அது அரேயின் நீளமாக இருக்க வேண்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. லோக்கல் டிஸ்கில் இருக்கும் கோப்பில் பெரும்பாலும் முழுசாக வந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. நெட்வொர்க் இணைப்பான சாக்கெட்டில் அதுவரை வந்து சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும்.

10,000 பைட் கோப்பு ஒன்றை நகல் எடுக்கிறோம் என்று வையுங்கள். அரே 8192. முதல் ரீட் 8192 தருகிறது, எழுதுகிறோம். இரண்டாவது ரீட் 1808 தருகிறது. அந்த எண்ணைப் பார்க்காமல் முழு அரேயையும் எழுதினால், நகல் 16,384 பைட்டாக வரும். கடைசி 6384 பைட் என்ன? முதல் சுற்றில் வந்து அரேயில் தங்கிப்போன பழைய சரக்கு. படமாக இருந்தால் பல வியூவர்கள் வாலில் ஒட்டியிருப்பதைக் கண்டுகொள்ளாமல் படத்தைக் காட்டிவிடும்; ஜிப் கோப்பாக இருந்தால் திறக்கும்போது தகராறு வரலாம். கோளாறு எந்த நாளில் யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது, அதுதான் இதில் எரிச்சல்.

இது ஜாவாவின் தனிக் குறை இல்லை. டாட்நெட் 6 வந்தபோது அதன் ஜிஜிப் ஸ்ட்ரீம் போன்றவை கேட்டதைவிடக் குறைவாகத் திருப்பித் தர ஆரம்பித்தன. ஒப்பந்தப்படி அது சரிதான். ஆனால் அதுவரை எப்போதும் முழுசாக வரும் என்று நம்பி எழுதிய நிரல்கள் உடைந்தன. அடுத்த பதிப்பான டாட்நெட் 7-இல் ரீட் எக்ஸாக்ட்லி என்ற மெத்தடைச் சேர்த்தார்கள்.

ஜாவாவில் அந்த வசதி ஆரம்பத்திலிருந்தே டேட்டா இன்புட் ஸ்ட்ரீமில் ரீட் ஃபுல்லி என்ற பெயரில் இருக்கிறது: கேட்டது முழுசாக வரும்வரை விடாது, நடுவில் ஸ்ட்ரீம் தீர்ந்தால் எக்ஸப்ஷன். ஜாவா 9-இல் எல்லா இன்புட் ஸ்ட்ரீமுக்கும் ரீட் என் பைட்ஸ் வந்தது. இதுவும் விடாமல் படிக்கும், ஆனால் ஸ்ட்ரீம் தீர்ந்தால் கோபித்துக்கொள்ளாமல் குறைவான எண்ணைத் திருப்பும். இரண்டில் எது? இத்தனை பைட் இருந்தே ஆக வேண்டும் என்று வடிவம் சொல்கிற கோப்பு என்றால் ரீட் ஃபுல்லி. பாதியில் அறுந்த கோப்பை அது அப்போதே காட்டிக்கொடுக்கும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு போதும் என்ற இடத்தில் மற்றது.

அரே எவ்வளவு பெரிது இருக்கலாம் என்று ஒரு வழக்கமான சண்டை உண்டு. ஓபன்ஜேடிகேயில் ஃபைல் இன்புட் ஸ்ட்ரீமின் அடியில் இருக்கும் சி கோட், 8192 பைட் வரை ஸ்டாக்கிலேயே இடம் வைத்துக்கொள்கிறது. அதற்கு மேல் கேட்டால் மேலாக் மூலம் தனியாக மெமரி ஒதுக்கி, படித்து, பிறகு ஜாவா அரேக்கு நகலெடுத்து, விடுவிக்கிறது. ஆகவே அரேயைப் பெரிதாக்கப் பெரிதாக்க லாபம் சீக்கிரமே படுத்துவிடும். நான் 8 கேபியில் தொடங்குவேன், அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் 64 கேபி வரை போவேன். 10 எம்பி அரே வைத்து வேகம் கூட்டியதாகச் சொல்பவர்களிடம் அளந்த எண்ணைக் கேட்டுவிட்டு நம்புங்கள்.

பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீம்

இது என்ன செய்கிறது என்றால், மேலே சொன்ன சொந்த அரே வேலையை நமக்காக உள்ளே வைத்துக்கொள்கிறது. இயல்பு அளவு 8192. நாம் ஒரு பைட் கேட்டால் அது அடியிலிருக்கும் ஸ்ட்ரீமிடம் 8192 பைட் கேட்டு வாங்கி வைத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுக்கும். தீர்ந்தால்தான் மறுபடி கீழே போகும். வெளியிலிருந்து பார்க்க அதுவும் ஓர் இன்புட் ஸ்ட்ரீம்தான் என்பதால், ஏற்கெனவே எழுதிய லூப்பில் ஒரு வரிகூட மாற்றாமல் கன்ஸ்ட்ரக்டரில் சுற்றிவிட்டால் போதும். டெக்கரேட்டர் பேட்டர்ன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

நம் பிஎன்ஜி வேலைக்கு அதன்மேல் இன்னொரு அடுக்கு: டேட்டா இன்புட் ஸ்ட்ரீம். அதன் ரீட் இன்ட் நான்கு பைட்டைப் பிக் எண்டியன் முறையில், அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில் என்ற வரிசையில், ஓர் எண்ணாகத் தரும். பிஎன்ஜியும் பிக் எண்டியன். துண்டின் நீளம் 2,14,74,83,647-ஐத் தாண்டக்கூடாது என்று பிஎன்ஜி விதியே சொல்வதால் குறியுள்ள இன்ட்டிலேயே அடங்கிவிடும். குறியில்லாத எண் இல்லாத மொழிகளை மனதில் வைத்தே அப்படி விதித்தார்கள். டபிள்யூஏவி ஒலிக் கோப்பு, பிஎம்பி படம் போன்றவை அதற்கு எதிர் வரிசையான லிட்டில் எண்டியன், அங்கே ரீட் இன்ட் தருவதைத் திருப்பிப் போட வேண்டும், அல்லது வரிசையை நாமே சொல்லக்கூடிய பைட் பஃபர் கிளாஸுக்குப் போக வேண்டும்.

பஃபர் வைத்த ஸ்ட்ரீமிடம் 8192 அல்லது அதற்கு மேல் நீளமுள்ள அரேயைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், தன்னிடம் மிச்சம் எதுவும் இல்லாதபோது, பிறகு திரும்பி வர மார்க்கும் போடாமல் இருந்தால், அது தன் பஃபரை ஒதுக்கிவிட்டு நேரே அடி ஸ்ட்ரீமிலிருந்து நம் அரேக்கே படித்துவிடும். எனவே பெரிய அரே வைத்துப் படிக்கும் நகல் லூப்பில் "எதற்கும் இருக்கட்டும்" என்று பஃபரைச் சுற்றுவதால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை.

ஒரு தப்பான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சாக்கெட்டில் பஃபர் போட்டால் 8192 பைட் சேரும்வரை காத்திருந்து தொங்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. பஃபரை நிரப்பும்போது அடி ஸ்ட்ரீமில் ஒரே ஒரு ரீட்தான். 40 பைட் வந்திருந்தால் 40 பைட்டோடு திரும்பிவிடும்.

குறையும் உண்டு. ஒவ்வொரு ரீட்டுக்கும் பூட்டுப் போட்டுத் திறக்கிறது. வெகுகாலம் சிங்க்ரனைஸ்டு மெத்தடாக இருந்தது; வெர்ச்சுவல் திரெட்கள் முன்னோட்டமாக வந்த ஜாவா 19-இல் தனி லாக் ஆப்ஜெக்டாக மாற்றினார்கள். பல கோடி பைட்டை ஒவ்வொன்றாகக் கேட்கிற சூடான லூப்பில் இந்தப் பூட்டு கணக்கில் தெரியும். நிரலாக்கப் போட்டிகளுக்குத் தயாராகிறவர்கள் ஸ்கேனரையும் விட்டு, இதையும் விட்டு, சொந்த அரேயும் ஓர் இன்டெக்ஸும் வைத்து எண்களைப் படிப்பது அதனால்தான். சாதாரண அலுவலக நிரலுக்கு அந்த அளவுக்கு இறங்க வேண்டியதில்லை.

ஸ்கிப் வைத்த குழி

துண்டுப் பெயர்ப் பட்டியல் எடுக்கும் வேலையை இப்போது பஃபரோடு செய்வோம். அடையாளம் 8 பைட். ஐஎச்டிஆர் துண்டு 4, 4, 13, 4 சேர்த்து 25 பைட். ஆக 33. அடுத்த துண்டு ஐடேட் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீளமும் பெயரும் படித்தாயிற்று, 41-இல் நிற்கிறோம். நீளம் 20,000 என்கிறது. டேட்டாவும் சிஆர்சியும் நமக்கு வேண்டாம், 20,004 பைட் தாண்ட வேண்டும். ஸ்கிப்பைக் கூப்பிடுகிறோம்.

பஃபருக்குள் 8192 பைட் இருந்தது, அதில் 41 போக மிச்சம் 8151. ஸ்கிப் அந்த 8151-ஐ மட்டும் தாண்டிவிட்டு "8151 தாண்டினேன்" என்று சொல்லித் திரும்பிவிடும். அதற்கு அப்படிச் செய்ய உரிமை உண்டு. ரிட்டர்ன் வேல்யூவைப் பார்க்காத நிரல் 20,004 தாண்டியதாக நினைத்துக்கொண்டு, சுருக்கிய படப் புள்ளிகளின் நட்டநடுவில் நின்று, அங்கே இருக்கும் நான்கு பைட்டை அடுத்த துண்டின் நீளம் என்று படிக்கும். மைனஸில் ஓர் எண் வரலாம், நூறு கோடிக்கு மேல் ஓர் எண் வரலாம். அந்த நீளத்துக்கு அரே ஒதுக்கப் போனால் மெமரி போதவில்லை என்று நிரல் விழும், பார்ப்பவர் ஹீப்பை, அதாவது ஜாவாவுக்கு ஒதுக்கிய மெமரியை, கூட்டப் போவார். பஃபரில்லாத ஸ்ட்ரீமில் இதே நிரல் சரியாக ஓடியிருக்கும் என்பதுதான் வேடிக்கை: வேகத்துக்காக ஒருவர் பஃபரைச் சுற்றிய அன்றைக்குத்தான் உடையும்.

ஜாவா 12-இல் வந்த ஸ்கிப் என் பைட்ஸ் இதற்கு மருந்து; கேட்டதை முழுசாகத் தாண்டும்வரை விடாது. இன்னொரு நுணுக்கம்: ஃபைல் இன்புட் ஸ்ட்ரீமின் ஸ்கிப் கோப்பின் முடிவையும் தாண்டிப் போய் நிற்கும், ஒன்றும் சொல்லாது. கோப்பு அறுந்திருப்பது அடுத்த ரீட்டில்தான் தெரியும்.

இந்த வேலையில் இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிஎன்ஜிக்கான லைப்ரரியான லிப்பிஎன்ஜி எழுதும் படங்களில் ஐடேட் துண்டுகள் பொதுவாக 8192 பைட் அளவில் இருக்கும். துண்டுக்கு 8 பைட்தான் நமக்குத் தேவை, ஆனால் பஃபர் ஒவ்வொரு தடவையும் 8192 பைட் அள்ளிவந்து, மீதியைத் தூக்கி எறிகிறது. கிட்டத்தட்ட முழுக் கோப்பையும் படித்த மாதிரி. அகல உயரம் பார்க்கும் வேலையிலும் இதேதான், 24 பைட்டுக்கு 8192. ஒரு படத்துக்கு இது பெரிய விஷயமே இல்லை. நெட்வொர்க் டிரைவில் லட்சம் படம் இருந்தால் விஷயம்தான். தாவித் தாவிப் படிக்கும் வேலைக்குப் பஃபர் இயல்பான துணை இல்லை.

முழுசாக விழுங்குவது

ஃபைல்ஸ் கிளாஸின் ரீட் ஆல் பைட்ஸ், ஜாவா 7 முதல். இன்புட் ஸ்ட்ரீமிலும் அதே பெயரில் ஜாவா 9 முதல். ஒரே வரி, லூப் இல்லை, குறைவாகப் படித்துவிட்டதா என்ற கவலை இல்லை, ஸ்கிப் குழி இல்லை. கையில் அரே இருப்பதால் முன்னும் பின்னும் போகலாம். அதை ஒரு பைட் பஃபருக்குள் வைத்தால் லிட்டில் எண்டியனும் தீர்ந்தது. கோப்பு சிறியது என்று உறுதியாகத் தெரிந்தால் நான் வேறு எதையும் யோசிப்பதே இல்லை. கான்ஃபிக் கோப்பு, ஐகான், சர்டிபிகேட், டெஸ்டுக்கு வைத்த மாதிரிக் கோப்பு எல்லாம் இப்படித்தான்.

சிறியது என்று யார் சொன்னது என்பதுதான் கேள்வி. ஜாவா அரேயின் இன்டெக்ஸ் இன்ட் என்பதால் 2 ஜிபிக்குள்தான் அடங்கும், ஆனால் அந்த எல்லை வருவதற்கு வெகு முன்பே ஹீப் கையை விரித்துவிடும். வலைச் சேவையில் பயனர் ஏற்றும் கோப்பை இப்படிப் படித்தால், 20 எம்பி கோப்பு 200 பேர் ஒரே நேரத்தில் ஏற்றும்போது 4 ஜிபி. டெவலப்பர் மெஷினில் ஒருவராக உட்கார்ந்து சோதிக்கும்போது இது எட்டிக்கூடப் பார்க்காது. அளவை வெளியாள் தீர்மானிக்கிற இடத்தில் இந்த வழியை எடுக்காதீர்கள்.

வெளியிலிருந்து வரும் நீளத்தை நம்பி அரே ஒதுக்குவதும் இதே வகைதான். பொய்யான பிஎன்ஜி ஒன்றில் துண்டு நீளம் 200 கோடி என்று எழுதி வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு அரே ஒதுக்கும் நிரல் 50 பைட் கோப்பாலேயே விழுந்துவிடும். ஜாவா 11-இல் வந்த, நீளத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் ரீட் என் பைட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இடம் ஒதுக்கும். நிஜத்தில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவோடு நின்றுவிடும்.

சேனல், மேப்

ஃபைல் சேனலும் பைட் பஃபரும் 2002-இல் ஜாவா 1.4-உடன் வந்தவை. எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் படி என்று சொல்லலாம் என்பதுதான் இதன் உண்மையான பலம். பெயர்ப் பட்டியல் வேலைக்கு அச்சாகப் பொருந்தும்: 8 பைட் படி, இடத்தைக் கூட்டு, அங்கிருந்து 8 பைட் படி. லட்சம் படம் கணக்கில் இதைத்தான் எடுப்பேன். பதிலுக்கு, எழுதி முடித்துப் படிக்கத் தொடங்குமுன் ஃப்ளிப் செய்ய மறந்தால் ஒன்றும் கிடைக்காது என்பதில் தொடங்கி, பழக வேண்டிய சடங்கு நிறைய. சாதாரண ஹீப் பைட் பஃபரைக் கொடுத்தால், உள்ளுக்குள் ஹீப்புக்கு வெளியே ஒரு தற்காலிக டைரக்ட் பஃபரில் படித்து அப்புறம் நகலெடுக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சேனல் என்றாலே நகல் இல்லை என்று அர்த்தம் இல்லை.

கோப்பை மெமரியில் மேப் செய்வது இன்னொரு படி மேலே. ரீட் காலே இல்லை, அரே மாதிரித் தொடலாம், தேவையான பக்கங்களைக் கெர்னல் கொண்டுவரும். பல ஜிபி இன்டெக்ஸ் கோப்பில் அங்கங்கே தேடும் வேலைக்கு இதுதான் சரி. ஆனால் ஒரு பைட் பஃபர் மேப் 2 ஜிபிக்கு மேல் போகாது. மேப்பை எப்போது விடுவிப்பது என்பது கார்பேஜ் கலெக்டர் கையில், அதனால் விண்டோஸில் கோப்பை அழிக்கப் போனால் உபயோகத்தில் இருக்கிறது என்று மறுக்கும். நாம் மேப் செய்த கோப்பை வேறொரு புரோகிராம் சுருக்கிவிட்டால், வழக்கமான ஐஓ எக்ஸப்ஷன் வராது, எதிர்பாராத ஓரிடத்தில் எரர் வந்து விழும். ஜாவா 22-இல் நிலைபெற்ற மெமரி ஏபிஐயின் அரீனா வழியாக மேப் செய்தால் அளவுக் கட்டுப்பாடும் போயிற்று, மூடும் நேரமும் நம் கைக்கு வந்தது. அந்தப் பதிப்பில் இருப்பவர்கள் பழைய வழியில் போகக் காரணமே இல்லை.

சில பத்துக் கேபி கோப்புக்கு மேப் செய்வது சாதாரணமாகப் படிப்பதைவிடச் செலவு கூடியது என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. 30 கேபி படத்துக்கு மேப் போட்டிருந்தால் எழுதியவர் கட்டுரை படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

எந்த அடுக்கில் பஃபர்

ஸ்ட்ரீமை ஸ்ட்ரீமுக்குள் வைக்கும்போது பஃபர் எங்கே என்பது தனிக் கேள்வி. ஜிஜிப் செய்த லாகைப் படிப்பதாக வையுங்கள். ஜிஜிப் இன்புட் ஸ்ட்ரீமின் இயல்பு பஃபர் 512 பைட்தான். நேராக ஃபைல் ஸ்ட்ரீம்மேல் வைத்தால் 512 பைட்டுக்கு ஒரு சிஸ்டம் கால். கன்ஸ்ட்ரக்டரிலேயே 64 கேபி என்று சொல்லிவிடலாம், அதற்கென்று கீழே இன்னொரு பஃபர் வேண்டாம். ஆனால் அதன் மேலிருந்து ஒவ்வொரு பைட்டாக நாம் கேட்டால், ஒவ்வொரு பைட்டுக்கும் விரிக்கும் எஞ்சினைத் தட்டி எழுப்புகிறது. அங்கே மேலே ஒரு பஃபர் வேண்டும். டெக்ஸ்டாகப் படிக்கப் போகிறோம் என்றால் இன்புட் ஸ்ட்ரீம் ரீடருக்குள்ளேயே 8192 பைட் பஃபர் இருக்கிறது, அதன் கீழே இன்னொன்று வைப்பது வெறும் அலங்காரம்.

ஒரே ஸ்ட்ரீமுக்கு இரண்டு பஃபர் மட்டும் கூடவே கூடாது. ஒன்று முன்கூட்டியே அள்ளி வைத்த பைட் மற்றதற்குத் தெரியாது. சிஸ்டம் டாட் இன் மேல் ஒவ்வொரு மெத்தடிலும் புதிது புதிதாக ஸ்கேனரோ ரீடரோ உருவாக்கும் நிரல், கீபோர்டில் தட்டும்போது ஒழுங்காக ஓடும், ஏனென்றால் டெர்மினல் ஒரு தடவைக்கு ஒரு வரிதான் கொடுக்கிறது. அதே உள்ளீட்டைக் கோப்பிலிருந்து திருப்பிவிட்டால் முதல் ரீடர் அத்தனையையும் அள்ளிக்கொள்ளும், இரண்டாவதற்குக் காலி. ஸ்ட்ரீமைத் திறந்தவரே பஃபரைச் சுற்றட்டும், மற்ற மெத்தடுகள் சுற்றிய அந்த ஒன்றையே வாங்கிக்கொள்ளட்டும்.

நம் மூன்று வேலைக்கு என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். அகல உயரத்துக்கு வெறும் ஃபைல் இன்புட் ஸ்ட்ரீம், 24 பைட்டை ஒரே மூச்சில் ரீட் என் பைட்ஸ், வந்தது 24-ஆ என்று ஒரு பார்வை. பஃபர் எதுவும் வேண்டாம். பெயர்ப் பட்டியலுக்கு, நூறு இருநூறு படம் என்றால் பஃபர், அதன்மேல் டேட்டா இன்புட் ஸ்ட்ரீம், ஸ்கிப் என் பைட்ஸ். படம் லட்சக்கணக்கில் என்றால் சேனல். சிஆர்சி சோதனைக்கு எல்லாப் பைட்டும் தேவை, வரிசையாகவும் தேவை, எனவே அதே பஃபர் சங்கிலிதான். டேட்டாவை 8 கேபி அரேயில் சுற்றுச் சுற்றாகப் படித்து, ஒவ்வொரு சுற்றிலும் வந்த அளவை மட்டும் சிஆர்சி32-க்கு அரேயாகவே கொடுக்க வேண்டும், பைட் பைட்டாக இல்லை. கணக்கில் துண்டின் பெயரும் டேட்டாவும் சேரும், நீளம் சேராது; இதைத் தப்பாகச் சேர்த்துவிட்டு நல்ல படங்களையெல்லாம் கெட்டது என்று சொல்லும் நிரல்கள் உண்டு.

இன்னும் ஜாவா 8-இல் இருப்பவர்கள் நிறைய. அங்கே ரீட் என் பைட்ஸும் இல்லை, ஸ்கிப் என் பைட்ஸும் இல்லை. டேட்டா இன்புட் ஸ்ட்ரீமின் ரீட் ஃபுல்லியும் ஸ்கிப் பைட்ஸும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஸ்கிப் பைட்ஸ் உள்ளேயே சுற்றிச் சுற்றித் தாண்டும், ஆனால் கடைசியில் எவ்வளவு தாண்டியது என்று திருப்பிச் சொல்லும் எண்ணை ஓர் இஃப் போட்டுப் பாருங்கள். அதே கிளாஸில் பரம்பரையாக வந்த வெறும் ஸ்கிப்பும் இருக்கிறது, ஐடிஇ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும். பைட்ஸ் என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள்.